குப்பையைக் காலி செய்த அண்ணன்

“பாப்பா, உன் குப்பைய காலி பண்ணிட்டேன். ஒண்ணு விடாம.”

நான் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கையில் அண்ணியின் சேலை, ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. மணி காலை பத்தே கால். பிறகு யோசித்துச் சொல்லும் நேரமல்ல இது. அப்போதுதான் பாபநாசம் போகும் மினி பஸ் திருப்பத்தில் ஹாரன் அடித்தது. அது பத்தே காலுக்குத்தான் அடிக்கும்.

அண்ணன் பின்கட்டுப் படியில் நின்றார். தோளில் துண்டு. ஒரு மா நிலத்தைத் தனியாக நட்டு முடித்தவர் போல முகத்தில் நிறைவு.

நான் மாட்டுக்கொட்டகைப் பக்கம் பார்த்தேன். எருக்குழி நேற்று இருந்த மாதிரியே நிறைந்து கிடந்தது.

“எந்தக் குப்பைண்ணே?”

“அது இல்ல. கம்ப்யூட்டர் குப்பை. இன்னிக்கு மத்தியானம் பிரஸ்ஸுக்குப் போகணும்னு சொன்னேல்ல? நீ மேசை பூரா எறைச்சு வச்சிருந்த. எல்லாத்தையும் குப்பைக்கு நகர்த்தி, ஒண்ணாக் குவிச்சு, ஒரே நடையா அனுப்பிட்டேன்.”

“அனுப்பிட்டீங்களா? எங்க?”

“பிரஸ்ஸுக்குத்தான், வேற எங்க? ‘குப்பையைக் காலி செய்யவா’ன்னு அதுவே கேட்டுச்சு. சரின்னேன். ‘எல்லாம் நிரந்தரமாக நீக்கப்படும்’னுச்சு. நிரந்தரமாவே போகட்டும், திரும்ப எதுக்கு வரணும்னு அமுக்கிட்டேன்.”

அண்ணியின் சேலை மண்ணில் விழுந்தது. அண்ணி அதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

பொட்டிக்குள் இருந்தது

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் பெயர் ரத்தினம், விவசாயி. அந்த ஐப்பசியில் அவருக்கு எழுபது முடிய இருந்தது. நான் வசந்தா, அவரைவிட நாலு வயது இளையவள். ஊர்ப்புற நூலகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அறுபத்தாறு வயதிலும் அவருக்கு நான் பாப்பாதான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அண்ணன் வீட்டிலேயே இருக்கிறேன். அண்ணி பெயர் மல்லிகா.

எங்கள் அப்பா பண்ணை வேலை பார்த்தவர். தெருவில் முதலில் சொந்தமாக நிலம் வாங்கியவர் அண்ணன். முதலில் மாதச் சம்பளம் வாங்கியவள் நான். எங்கள் தெருவைப் பற்றி எந்தப் புத்தகத்திலாவது ஒரு வரி இருக்கிறதா என்று முப்பது வருடத்துக்கு மேல் நூலக அலமாரிகளில் தேடியிருக்கிறேன். கோயிலைப் பற்றி இருக்கிறது. பண்ணை வீட்டைப் பற்றி இருக்கிறது. பண்ணை வீட்டில் நின்ற யானையைப் பற்றிக்கூட ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. எங்கள் தெரு இல்லை.

பள்ளிக்கூட நாளிலிருந்து நானே எழுதி வந்ததுதான் இருந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்த நாள், முதல் மழை, யார் வீட்டில் யார் பிறந்தது, யார் முதலில் பத்தாவது தேறியது, எல்லாம். முதலில் நோட்டுகளில் எழுதினேன். நோட்டுகளைக் கரையான் தின்ன ஆரம்பித்ததும், தின்றது போக மிச்சத்தைக் கம்ப்யூட்டரில் தட்டி வைத்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு கோப்புகள். திருக்கடையூரில் அண்ணனுக்கு எழுபதாம் வயதுச் சாந்தி செய்து, அங்கே வருகிறவர்கள் கையில் அதைப் புத்தகமாகக் கொடுக்க வேண்டும் என்பது என் திட்டம். அறுபதுக்குச் செய்திருக்க வேண்டியது. ஆற்றில் தண்ணீர் வராத வருடம் என்று அண்ணன் தள்ளிப்போட்டுவிட்டார். இனியும் தள்ள முடியாது.

அந்த முந்நூற்றுப் பன்னிரண்டும்தான் அன்று காலை பத்தே காலுக்கு நிரந்தரமாக நீங்கின.

“வேற பிரதி எடுத்து வைக்கலையா?” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பென்டிரைவில் ஒன்று இருந்தது. அண்ணன் டிராக்டரில் பாட்டுக் கேட்க ஒரு பென்டிரைவ் வேண்டும் என்றார். நான்தான் அழித்துக் கொடுத்தேன். புதிதாகப் போட்ட சிஸ்டத்தில் வைரஸே வராது என்று அப்போது எனக்கு அவ்வளவு மிதப்பு. அண்ணனுக்கும் வைரஸுக்கும் சம்பந்தமில்லை என்பது தோன்றவில்லை.

எந்த ரகம் போடலாம்?

புதிய சிஸ்டம் வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் பழையது. அதில் பழைய விண்டோஸ் இருந்தது. அந்தப் பழைய விண்டோஸுக்கு இனிமேல் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்று அறிவிப்பு வந்தது. புதியதைப் போடலாமென்றால், எங்கள் பொட்டிக்கு வயது அதிகம், அது ஏற்காது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவளுக்கு அந்தச் செய்தியைப் படிக்கும்போது ஒரு சொந்தம் தோன்றியது.

நான் எதையும் யோசிக்காமல் செய்கிறவள் அல்ல. நீளவாக்கு நோட்டில் கட்டம் போட்டேன். ஒரு பத்தியில் புதுப் பொட்டியும் புது விண்டோஸும், இரண்டாவதில் மேக், மூன்றாவதில் லினக்ஸ். இடது ஓரத்தில் கேள்விகள்: தமிழ்த் தட்டச்சு எப்படி, பழைய கோப்புகள் திறக்குமா, பிரிண்டர் கேட்குமா, கரண்ட் போய் வந்தால் எழுந்திருக்க எவ்வளவு நேரம், கெட்டுப்போனால் யார் பார்ப்பார்கள்.

பெங்களூரில் இருக்கும் அண்ணன் மகள் தேன்மொழியிடம் போனில் கேட்டேன்.

“மேக் வாங்கிடு அத்தை. தொந்தரவே இருக்காது.”

“கெட்டுப்போனா?”

“கெட்டே போகாது.”

“போனா?”

“தஞ்சாவூர்ல யாராவது இருப்பாங்க அத்தை.”

“இங்க ஒரு மனுஷருக்கு உடம்பு சரியில்லன்னாலே தஞ்சாவூர் போகணும்டி. இதுக்குமா?”

அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, தன் மகள் என்ன வாங்கச் சொல்கிறாள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்ததும் நோட்டை இழுத்துப் பார்த்தார். முக்கியமான கேள்வியை நான் விட்டுவிட்டேன் என்றார்.

“பக்கத்து வயல்காரன் என்ன போட்டிருக்கான்?”

“இது நெல்லு இல்லண்ணே.”

“எல்லாம் ஒண்ணுதான். ஊரே ஒரு ரகம் போட்டிருக்கும்போது நீ மட்டும் முந்தி வெளையற ரகம் போட்டா என்ன ஆகும்? ஊர் எலி பூரா உன் வயலுக்கு வரும். பூச்சி வந்தா, என்ன மருந்து அடிச்சீங்கன்னு கேக்கறதுக்கு ஒரு ஆளு இருக்காது. அறுக்கற மிஷினு உன் ஒரு வயலுக்காக வராது.”

கம்ப்யூட்டர் வாங்குவதைப் பற்றி நான் எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். ஒன்றில்கூட இவ்வளவு தெளிவு இல்லை. மறுநாள் தெருவில் விசாரித்தேன். கம்ப்யூட்டர் இருந்த ஆறு வீட்டிலும் விண்டோஸ். ஆறு வீட்டிலும் அது கெட்டுப்போனால் பார்ப்பவர் ஒரே ஆள், ஹாஜா பாய்.

ஹாஜா பாய் அதிராம்பட்டினத்துக்காரர். வளைகுடாவில் பல வருடம் கம்ப்யூட்டர் பழுது பார்த்துவிட்டுத் திரும்பி, மனைவியின் ஊரான பாபநாசத்தில் கடை வைத்திருந்தார். நான் நோட்டோடு போனேன். அவர் கட்டங்களை முழுவதும் படித்தார். அதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது.

“அக்கா, எல்லார் வீட்டுக்கும் நான் விண்டோஸ்தான் போட்டுத் தர்றேன். என் வீட்டுல லினக்ஸ்தான் வச்சிருக்கேன்.”

“ஏன் பாய்?”

“அவங்க கேக்கறது அது. எனக்குத் தோதானது இது. உங்க பழைய பொட்டிக்கும் இது தாங்கும். மேல, எல்லாத்தையும் தமிழ்லயே வச்சுக்கலாம். பொத்தான், பட்டியல், எச்சரிக்கை எல்லாம்.”

பிறகு யோசித்துப் பார்த்தால், நான் கவிழ்ந்தது அந்தக் கடைசி வாக்கியத்தில்தான்.

நடுவில் ஒரு வரப்பு

பாய் வீட்டுக்கே வந்தார். ஹார்டு டிஸ்க் என்னும் வட்டில் பழையதை அழிக்காமல் ஒரு பக்கம் வைத்துவிட்டு, மறு பக்கம் புதியதைப் போட்டார்.

“ஒரே வட்டுல ரெண்டா? ஒண்ணோட ஒண்ணு கலக்காதா?” என்று அண்ணன் கேட்டார்.

“நடுவுல வரப்பு போட்டிருக்கேண்ணே. அந்தாண்ட பழசு. இந்தாண்ட பெங்குவின்.” லினக்ஸுக்குச் சின்னம் பெங்குவின் என்பதால் பாய் அதை அப்படித்தான் சொல்வார்.

“வரப்பை யாரும் வெட்டிட மாட்டாங்களே?”

“அக்காவைத் தவிர யாரு இதுல உக்காரப் போறா?”

அதில்தான் பாய் ஏமாந்தார்.

என் பழைய கோப்புகள் ஒரு காலத்து எழுத்துருவில் இருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழ் இருக்காது. அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்தும் கலந்து, கோழி கிளறிய மாதிரி இருக்கும். எல்லாவற்றையும் இன்றைய ஒருங்குறிக்கு, அதாவது யூனிகோடுக்கு, மாற்ற எனக்கு மூன்று வாரம் ஆனது. மாற்றியபின், இரண்டும் குழம்பக் கூடாது என்று பழையவற்றை நானே கவனமாக அழித்தேன். வரப்புக்கு அந்தாண்டையும் ஒன்றும் இல்லாமல் போனது இப்படித்தான். ஒழுங்கானவர்கள் செய்யும் தவறுகளும் ஒழுங்காகவே இருக்கும்.

இன்னொன்றையும் ஒழுங்காகச் செய்திருந்தேன். ஒவ்வொரு கோப்புக்கும் தேதியையே பெயராக வைத்தேன். வருடம், மாதம், நாள். பெயரிலேயே தேதி இருக்கும்போது உள்ளே மறுபடி எதற்கு என்று, உள்ளே இருந்த தேதிகளை எல்லாம் எடுத்துவிட்டேன்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் உட்கார்ந்தார்

அதுவரை அண்ணன் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. அது ஆங்கிலத்தில் பேசியது. தவிர, கையில் பிடிப்பதற்கு எலி என்று பெயர் என்று நான் ஒருமுறை சொல்லித்தொலைத்திருந்தேன். நெல் விவசாயியிடம் சொல்லக்கூடிய பெயரா அது? “வயல்ல கிட்டி வச்சுப் புடிக்கறத வீட்டுல மேசை மேல வச்சுத் தடவணுமா?” என்று கேட்டுவிட்டுப் போனவர்தான்.

பெங்குவின் அதைச் சுட்டி என்றது. எங்கள் வீட்டில் நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு ஒரு பசு இருந்தது. அண்ணன் உட்கார்ந்துவிட்டார்.

தினசரியில் ஒரு எழுத்து விடாமல் படிப்பவர் அவர். அதே மாதிரி இதையும் படித்தார். ஒவ்வொரு பட்டியலையும் திறந்து, உரக்கப் படித்து, தீர்ப்புச் சொன்னார்.

“சாளரம். ஏன், ஜன்னல்னா வாய் வலிக்குமா?”

“முனையம். பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கு. இதுக்குள்ள போனா ஒரே கறுப்பா இருக்கு, பஸ்ஸே இல்ல.”

ஒரு நாள் மாலை பெரிய சத்தம் கேட்டது. ஓடினேன்.

“இத யாரு எழுதினது? ‘வெளியேறு’ங்குது. என் வீட்டுல, என் நாற்காலில உக்காந்திருக்கேன். என்னைப் பாத்து வெளியேறுங்குது. ஒரு ‘ங்க’ கூட இல்ல!”

“எல்லாருக்கும் அப்படித்தாண்ணே சொல்லும்.”

“பண்ணையில அய்யாவே நம்ம அப்பாகிட்ட ‘போயிட்டு வா’ன்னுதான் சொன்னாரு.”

ஹாஜா பாய்க்குப் போன் போட்டோம். மறுநாள் வந்தார். கறுப்புத் திரையைத் திறந்து ஏதோ செய்தார். ‘வெளியேறு’ இருந்த இடத்தில் ‘போயிட்டு வாங்க’ என்று வந்தது.

“இப்படியெல்லாம் மாத்தலாமா பாய்?” என்று நான் கேட்டேன்.

“அக்கா, இதுல எந்த வார்த்தை பிடிக்கலன்னாலும் மாத்தலாம். அதுக்காகத்தான் இதை இப்படித் திறந்து வச்சிருக்காங்க. வேற எதாவது இருக்காண்ணே?”

அண்ணன் யோசித்தார். “இல்ல பாய். மத்ததெல்லாம் நல்ல தமிழ்தான்.”

அந்த நிமிடம் நான் ‘குப்பை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. எனக்குக் குப்பை என்றால் நூலகத்தில் வாசல் பக்கம் வைத்திருந்த தகரக் கூடை.

அண்ணனுக்கு அப்படியல்ல. எங்கள் பக்கத்தில் மாட்டுச் சாணமும் வைக்கோல் கூளமும் மக்கிய தொழுவுரத்துக்குப் பெயரே குப்பைதான். கோடையில் எதிர்ப்படுகிறவர்கள் ஒருவரை ஒருவர் கேட்பது, “வயலுக்குக் குப்பை அடிச்சாச்சா?” வருடம் முழுவதும் சேர்த்துக் குவித்து, பத்திரமாக மூடி வைத்து, காலம் வந்ததும் வண்டியில் ஏற்றி வயலுக்கு அனுப்புகிற சொத்து அது. குழியைக் காலி செய்வது என்றால் சேர வேண்டிய இடத்துக்கு அனுப்புவது. அவர் எழுபது வயது வரை அந்த வார்த்தையை அந்த அர்த்தத்தில்தான் பயன்படுத்தியிருக்கிறார். கம்ப்யூட்டருக்குத் தமிழ் எழுதிக் கொடுத்தவர் நகரத்துக்காரராக இருக்க வேண்டும். குற்றம் இருவர் மேலும் இல்லை.

பட்டா போனால் நிலம் போகுமா?

மறுபடி கொல்லைக்கு வருவோம்.

விழுந்த சேலையைத் தாண்டி உள்ளே ஓடினேன். திரையில் மேசை துடைத்து வைத்த மாதிரி இருந்தது. குப்பையைத் திறந்தேன். ‘இங்கே எதுவும் இல்லை’ என்றது, நல்ல தமிழில்.

அண்ணன் பின்னாலேயே வந்தார். “என்ன, போய்ச் சேந்துருச்சா?”

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். விளக்கிச் சொன்னேன். சொல்லி முடித்தபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“அப்பா பத்தி எழுதுனது?”

“அதுவுந்தான்.”

அண்ணி அடுப்படியிலிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டார். “ஊர் வயலுக்கெல்லாம் குப்பை அடிச்சீங்க. இப்ப வீட்டுக்குள்ளயும் அடிச்சாச்சா?” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நீ ஏன் சிலையாட்டம் உக்காந்திருக்க? அந்த பாய்க்குப் போன் போடு” என்றார். மூன்று பேரில் அறிவோடு பேசியவர் அன்று அவர் ஒருவர்தான்.

பாய் போனிலேயே கத்தினார். “அக்கா, சுவிட்சை அணைங்க! எதையும் திறக்காதீங்க, ஒரு எழுத்துகூட அடிக்காதீங்க. இதோ வர்றேன்.”

வந்ததும் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். “அண்ணே, காலி செஞ்சா பொருள் உடனே அழியாது. இந்த எடத்துல இன்னது இருக்குன்னு ஒரு பதிவு இருக்கும். அதைத்தான் எடுத்துட்டீங்க. பொருள் அங்கேயே கிடக்கும். அது மேல வேற எதையாவது எழுதினாத்தான் போச்சு.”

அண்ணன் நிமிர்ந்தார். “அதாவது, பட்டாதான் ரத்தாயிருக்கு. நிலம் கெடக்கு.”

“அதேதாண்ணே!”

“வேற எவனும் வந்து நட்டுடறதுக்குள்ள நாம போயிடணும்.”

“அதுக்குத்தான் அணைக்கச் சொன்னேன்.”

நானும் எவ்வளவோ படித்திருக்கிறேன். வட்டில் எழுத்து எப்படித் தங்குகிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

பாய் பொட்டியைக் கடைக்குக் கொண்டு போனார். மூன்று நாள் தகவல் இல்லை. அந்த மூன்று நாளும் அண்ணன் வயலுக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். டிராக்டரில் பாட்டு இல்லை. பென்டிரைவைக் கழற்றி என் மேசையில் வைத்திருந்தார்.

பெயரில்லாத முந்நூறு

நாலாம் நாள் பாய் வந்தார். முகத்தில் பாதி சிரிப்பு.

“எல்லாம் கிடைச்சுடுச்சுக்கா. ஒண்ணு கூடுதலாவே கிடைச்சிருக்கு.”

“பின்ன ஏன் பாய் இப்படி நிக்கறீங்க?”

“நெலத்த மீட்டாச்சு. பட்டா போனது போனதுதான். கோப்போட பேரு எதுவும் கிடைக்கல. மிஷினே ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டிருக்கு. அதுவும் வரிசையா இல்ல.”

பெயர் போனது என்றால் தேதி போனது. பெயரில்தான் தேதி இருந்தது. உள்ளே இருந்த தேதிகளை நான்தான் ஒவ்வொன்றாக எடுத்தேன். ஐம்பது வருடம் முந்நூற்றுச் சொச்சம் துண்டுகளாகக் கலைந்து கிடந்தது. எது முன், எது பின் என்று எனக்கே தெரியவில்லை. ஒன்றைத் திறந்தால், ‘இன்று வாய்க்காலில் தண்ணீர் வந்தது. தெரு முழுக்க ஓடினோம்.’ எந்த இன்று? ஐம்பது இன்றுகள் இருந்தன.

அச்சகத்தில் கெஞ்சி வாங்கிய புதுக் கெடுவுக்கு இரண்டு வாரம்தான் பாக்கி. நான் அழுதேன் என்று அண்ணி சொல்வார். கண்ணில் தூசி என்று என் குறிப்பில் இருக்கிறது.

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“படி.”

“என்னத்த?”

“ஒவ்வொண்ணா படி. நான் சொல்றேன்.”

படித்தேன். ‘இன்று வாய்க்காலில் தண்ணீர் வந்தது. தெரு முழுக்க ஓடினோம். அண்ணன் கையில் நாற்றுக்கட்டோடு ஓடினார்.’

“நாத்து குட்டையா, நெட்டையா?”

அதுவும் எழுதியிருந்தேன். எனக்கு எழுதாமல் விடும் பழக்கம் கிடையாது. ‘நாற்று குட்டையாக இருந்ததைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள்.’

“ஐ.ஆர். எட்டு நெல்லு. நம்ம தெருவுக்கு மொத மொதல்ல அந்த வருஷந்தான் வந்துச்சு. சோறு வெறைச்சுப் போகும், அம்மா திட்டும். அடுத்தது?”

‘மழையில் சாய்ந்த பயிரைத் தூக்கிக் கட்டினோம்.’

“பொன்னி. அதுதான் சாயும். ரெண்டாவது வருஷம். மொத வருஷம் சாயல.”

‘தேன்மொழி பிறந்தாள். அண்ணனால் அறுவடையிலிருந்து வரமுடியவில்லை.’

அண்ணி உள்ளிருந்து குரல் கொடுத்தார். “ஆயிரத்தொம்பது நெல்லு! எனக்கு வலி எடுத்து நாலு மணி நேரம் கழிச்சு வந்தாரு. கேட்டா, ஆயிரத்தொம்பது கொட்டுதுன்னாரு.”

இப்படியே போனது. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். ஆடுதுறை இருபத்தேழு ரகத்திலிருந்து இன்று வயலில் நிற்பது வரை அண்ணன் ஒவ்வொரு பருவத்தையும் நெல்லை வைத்து இடம் காட்டினார். எந்த வருடத்தில் எந்த ரகம், எத்தனை நாளில் அறுத்தது, எந்தப் பூச்சி விழுந்தது, எல்லாம் அவர் தலைக்குள் வரப்பு வரப்பாக இருந்தது. பதினோரு நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டும் வரிசைக்கு வந்தன. கிழமையும் தேதியும் வரவில்லை. பருவம் வந்தது. புத்தகத்தில் அத்தியாயங்களுக்கு வருடத்தைப் போடவில்லை, நெல்லின் பெயரைப் போட்டேன்.

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர், ‘தேதி விஷயத்தில் கறாரானவர் என்று உங்களை நீங்களே சொல்லிக்கொள்கிறீர்கள், இந்தத் தொடரில் ஏன் ஒரு தேதிகூட இல்லை?’ என்று எழுதியிருந்தார். ஐயா, காரணம் இதுதான்.

கட்டத்தில் கடைசி வரி

எல்லாம் முடிந்தபின் ஹாஜா பாய் ஒரு வேலை பாக்கி என்று வந்தார்.

“அண்ணே, அந்தக் குப்பைங்கற பேரை மாத்திடலாம். போனா திரும்பி வராத எடத்துக்கு நம்ம பக்கம் என்ன சொல்லுவீங்க?”

அண்ணன் யோசிக்கவே இல்லை. “வடிகால். வாய்க்கால் தண்ணி வயலுக்கு வரும். வடிகால்ல விட்டது கடலுக்குத்தான்.”

இன்றும் எங்கள் மேசையில் அந்தக் குப்பைக் கூடைப் படத்துக்குக் கீழே ‘வடிகால்’ என்றுதான் இருக்கிறது. அண்ணன் அதன் பக்கம் சுட்டியைக் கொண்டுபோவதே இல்லை.

என் நீளவாக்கு நோட்டின் கட்டத்தில் ஒரு கேள்வி சேர்த்திருக்கிறேன். எந்தச் சிஸ்டம் நல்லது என்று கேட்டு எழுதுகிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன். வேகம், விலை, அழகு எல்லாம் பிறகு பாருங்கள். வீட்டில் யார் யார் அதன் முன்னால் உட்காரப்போகிறார்கள், அவர்களுக்கு அதிலுள்ள வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம் என்று முதலில் விசாரியுங்கள். பிறகு ஒரு பென்டிரைவ் வாங்கி, டிராக்டருக்குக் கொடுக்காமல் வைத்திருங்கள்.

கூடுதலாகக் கிடைத்த ஒன்று

பாய் சொன்னதை மறக்கவில்லை. ஒன்று கூடுதல். முந்நூற்றுப் பதின்மூன்று.

அதைக் கடைசியில் திறந்தேன். அண்ணன் அப்போது மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தார். அரைப் பக்கம் இருந்தது. நான் எழுதியதல்ல. முந்நூற்றுப் பதின்மூன்றில் உள்ளே தேதி போட்டிருந்தது அது ஒன்றுதான்:

‘இரணடாம மேலுரம போடட மறுநாள. வியாழன. மழை இலலை.

பாபபா எழுதியதில ஒனறு தபபு.’

அதுவரை அவருக்குப் புள்ளி எந்தப் பொத்தானில் இருக்கிறது என்று தெரியவில்லை. மூன்றாவது வரியில் கண்டுபிடித்திருக்கிறார்:

‘பாப்பா வேலைக்குச் சேர்ந்த நாள் சைக்கிளில் கூட்டிப் போனேன். நான் வழுக்கி வடிகாலில் விழுந்தேன் என்று எழுதியிருக்கிறாள். நான் வழுக்கவில்லை. பின்னால் உட்கார்ந்து புத்தகம் படித்தாள். தாள் ஒன்று காற்றில் போனது. பிடிக்க எட்டினாள். சைக்கிள் சாய்ந்தது. சர்டிபிகேட் நனைந்ததற்கு அப்பா என்னைத் திட்டினார். பாப்பா அன்று பயந்து போயிருந்தாள். அதனால் சொல்லவில்லை. இப்போது புத்தகத்தில் வரப் போவதால் சொல்கிறேன்.’

மூன்று முறை படித்தேன். தாள் ஒன்று காற்றில் போனது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என் அத்தியாயத்தில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. அவருடையதையும் திருத்தவில்லை, முதல் வரிகளில் புள்ளிகூட வைக்கவில்லை. இரண்டையும் எதிரெதிர்ப் பக்கத்தில் வரும்படி அச்சுக்குக் கொடுத்தேன்.

திருக்கடையூரில் சாந்திக் கலச நீர் ஊற்றி முடித்து, ஈர வேட்டியோடு அண்ணன் உட்கார்ந்திருந்தார். புத்தகத்தை வாங்கியவர்கள் எல்லோரும் எப்படியோ அந்தப் பக்கத்தில்தான் திறந்தார்கள். தேன்மொழி வாய்விட்டுப் படித்தாள். கூட்டம் சிரித்தது. அண்ணி சிரித்ததில் மாலை நழுவியது.

“அப்பா, இத நீங்களா எழுதினீங்க?”

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். தலையிலிருந்து இன்னும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

“நான் எங்க எழுதினேன்? எனக்கு அதெல்லாம் தெரியாது. பெங்குவின் எழுதியிருக்கும்.”